அறுபது வடலிகளின் கொப்பி

இளம் பனையான வடலியின் கருக்கில் கை கிழிபடாமல் ஓலை வெட்ட எனக்கு இன்றைக்கும் தெரியாது. எங்கள் துறையிலிருந்த மக்பூலுக்குத் தெரியும். நான் விரலைச் சூப்பிக்கொண்டு நிற்க, அவர் இளங்குருத்தை அறுத்துத் துடைத்து உறையில் போட்டு முடித்திருப்பார். அந்த ஆய்வில் யார் என்ன செய்தார் என்று நீங்கள் எழுத்தில் கேட்டிருப்பதால் இதிலிருந்து தொடங்குகிறேன். சண்முகநாதன் ஐயா, துறைத்தலைவர் கேட்டால் விரிவுரையாளன் பதில் சொல்லத்தான் வேண்டும்.

1990இன் முதல் ஐந்து மாதங்களில் பண்டத்தரிப்பிலிருந்து நெல்லியடி வரைக்கும் அறுபது வடலிகளில் ஓலை எடுத்தோம். குடாநாட்டுப் பனை எல்லாம் ஒரே வம்சமா, ஊருக்கு ஊர் வேறா என்று மரபணுவை வைத்துப் பார்ப்பது நோக்கம். யோசனை மக்பூலுடையது. இங்கிலாந்துப் பேராசிரியருக்குக் கடிதம் எழுதி அவருடைய ஆய்வுகூடத்தைச் சம்மதிக்கவைத்ததும் அவர்தான். நான் அவருக்கு ஏழு வருடம் மூத்தவன். எனக்கு எந்தப் பேராசிரியரும் கடிதம் எழுதியதில்லை. பொறாமை இருந்தது, அதை மறைக்கவில்லை.

வழிச் சோதனைகளில் ஊர்ப்பெயர் எழுதிய கடதாசி கண்டால் ஆயிரம் கேள்வி வரும். அதனால் உறைகளில் இலக்கம் மட்டும் போட்டோம். எந்த இலக்கம் எந்த ஊரில் எந்த வடலி என்பது மக்பூலின் கொப்பியில் மட்டும் இருந்தது. உறைகள் மே மாதம் கொழும்பு வழியாகப் போய்ச் சேர்ந்தன.

ஒக்டோபர் கடைசியில் இயக்கம் யாழ்ப்பாண முஸ்லிம்களை வெளியேறச் சொன்ன அன்று, மக்பூல் சைக்கிளில் நல்லூருக்கு என் வீட்டுக்கு வந்தார். இறங்கவில்லை, ஒரு காலை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"பஞ்சண்ணை, ரண்டு மணித்தியாலந்தான் தந்திருக்கிறாங்கள். வழியிலை கொப்பியைக் கண்டால் பறிச்சுப் போடுவாங்கள். உங்கடை கையிலை இருக்கட்டும். ஒருத்தரிட்டையும் குடுத்திடாதையுங்கோ."

"ஓம் தம்பி. ஒருத்தரிட்டையும் குடுக்கமாட்டன்," என்றேன்.

அந்தச் சொல்லை நான் காப்பாற்றினேன். கொப்பியை இன்றுவரை ஒருவரிடமும் கொடுக்கவில்லை.

அடுத்த மாசியில் புத்தளம் அகதிமுகாமிலிருந்து அவருடைய கடிதம் வந்தது. ஒரு தென்னோலைக் கிடுகுக் கொட்டிலில் பதினொரு பேர், சின்ன மகளுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டு வருகிறது, மனைவி றஷீதாவும் மெலிந்துபோனா என்று எழுதியிருந்தார். பேராசிரியர் தன்னை அங்கே எடுப்பதாகச் சொன்னவர், அது சரிவந்தால் பிள்ளைகளை இந்த இடத்திலிருந்து எடுத்துவிடலாம், ஏதும் பதில் வந்ததா என்று கேட்டிருந்தார்.

பதில் ஆடியில் வந்தது. மக்பூலின் பெயருக்கு வந்த கடிதத்தை நான் திறந்தது முறையில்லைத்தான். ஆனால் அவர் இங்கே இல்லை. உள்ளே அறுபது இலக்கங்களும், ஒவ்வொன்றுக்கும் கறுப்புக் கோடுகள் நிரையாக விழுந்த படமும் இருந்தன. ஒரே வம்சத்து மரங்களுக்குக் கோடுகள் ஒத்துப்போகும், மற்றவற்றுக்குப் போகாது. பட்டியலோடு வாருங்கள், மூன்று வருட ஆய்விடம், குடும்பத்துக்கும் இருப்பிடம் என்று பேராசிரியர் எழுதியிருந்தார். நான் கொப்பியை எடுத்து ஒப்பிட்டேன். கூப்பிடு தூரத்திலுள்ள இரண்டு பனங்கூடல்கள் இரண்டு வம்சமாக இருந்தன. அதை முதலில் கண்ட ஆள் நான்தான். அந்த மகிழ்ச்சியை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மக்பூலுக்கு எழுதினேன்: ஷெல் விழுந்து வீட்டின் பின்பக்கம் எரிந்துவிட்டது, கொப்பியும் போய்விட்டது, பேராசிரியரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. பேராசிரியருக்கு எழுதினேன்: மக்பூல் இந்த வருடம் காலமாகிவிட்டார், பட்டியல் என்னிடம் இருக்கிறது. பிந்தியதில் ஒரே ஒரு வசனம்தான் உண்மையில்லை. அவரைப் பற்றி நல்லதாக நாலு வரியும் சேர்த்திருந்தேன்.

மக்பூல் சும்மா இருக்கவில்லை. அறுபது மரங்களையும் ஞாபகத்திலிருந்து எழுதி நேரே இங்கிலாந்துக்கு அனுப்பினார். இறந்தவரின் பெயரில் வந்த கடிதத்தைக் கண்ட பேராசிரியர் அதன் பிரதியை எனக்கு அனுப்பி, இது அவருடைய கையெழுத்தா என்று கேட்டார். ஒரு பகல் முழுக்க இருந்து கொப்பியோடு சரிபார்த்தேன். ஐம்பத்தேழு சரி. பிழையான மூன்றும் நெல்லியடி வடலிகள். அன்றைக்கு அவர் காய்ச்சலோடு வந்தவர். கொட்டிலுக்குள் குந்தியிருந்து இத்தனையையும் ஞாபகப்படுத்தியிருக்கிறார் என்று நினைக்க எனக்குக் கண் கலங்கியது. பிறகு பதிலைத் தட்டச்சு செய்தேன்: கையெழுத்து அவருடையதல்ல, பட்டியலிலும் பிழைகள் உள்ளன. பிழைகள் இருந்தன என்பது உண்மை.

அதன்பிறகு பேராசிரியர் அந்த முகவரிக்குப் பதில் போடவில்லை என்று அறிகிறேன். மக்பூல் எனக்கு இரண்டு கடிதம் போட்டார். ஒன்றில், "அண்ணை, நான் நான்தான் எண்டு நீங்கள் ஒரு வரி எழுதினால் காணும்" என்று இருந்தது. கடிதங்கள் கொப்பிக்குள் இருக்கின்றன.

இதனால் நான் என்ன கண்டேன் என்று நீங்கள் கேட்கலாம். அந்த ஆய்விடத்துக்கு என்று குடாநாட்டை விட்டு வெளியே போக எனக்கு இயக்கத்தின் பாஸ் கிடைக்கவில்லை. மூன்று தரம் விண்ணப்பித்தேன். அந்த இடம் கடைசியில் ஒருவருக்கும் இல்லாமல் போனது. கட்டுரை மட்டும் 1993இல் என் பெயரில் வெளிவந்தது. அதன் முடிவில் மக்பூலுக்கு நன்றி சொல்லியிருக்கிறேன். முஸ்லிம் ஒருவருக்கு அமரர் என்று போடுவது பொருந்தாது என்று, ஆங்கிலத்திலும் மர்ஹூம் என்றே போட்டேன். இப்படியான விஷயங்களில் நான் கவனமானவன்.

இப்போது றஷீதா பேராசிரியருக்கு எழுதியிருப்பதாகவும், அவர் உங்களிடம் விளக்கம் கேட்டிருப்பதாகவும் சொன்னீர்கள். தன் கணவரின் பெயர் எங்கேயாவது இருக்கிறதா என்று மட்டுந்தான் அவ கேட்டிருக்கிறாவாம். கூட அனுப்பிய மரணச் சான்றிதழையும் எனக்குக் காட்டினீர்கள். மூளை மலேரியா, அகதிமுகாம், புத்தளம், 1994 கார்த்திகை. ஆறுதலாக இரண்டு தரம் வாசித்தேன்.

எல்லாவற்றையும் நான்தான் செய்தேன். வேறு ஒருவருக்கும் இதில் பங்கில்லை. கொப்பியையும் கடிதங்களையும் கேட்டால் ஒப்படைக்கிறேன். ஆனால் நான் எழுதியதெல்லாம் பொய் என்று பதிவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். மக்பூல் காலமாகிவிட்டார் என்று எழுதினேன். காலமாகிவிட்டார். அதில் பிழை திகதி மட்டும்தான், மூன்று வருடம் முந்திவிட்டது. அதைத் திருத்தித் தர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.