பட்டியலில் விட்டுப்போன தீர்ப்பு

நல்ல பேனாவாகக் கொடுத்திருக்கிறீர்கள், நன்றி. எங்கள் அலுவலகத்துப் பேனாக்கள் மூன்று வரிக்கு ஒருமுறை மக்கர் செய்யும். விசாரிக்க வந்த நீங்கள், நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். இருபத்தாறு வருடமாக மற்றவர்கள் எழுதியதைச் சுருக்கியே பழகியவன் நான். இதையும் சுருக்கமாகவே எழுதுகிறேன்.

என் வேலை என்னவென்று தெரிந்தால்தான் நான் செய்தது புரியும். உயர் நீதிமன்றத்தில் அந்தந்த வாரம் வரும் தீர்ப்புகளை வக்கீல்களுக்காகத் தொகுத்து அச்சிடும் வார இதழ் எங்களுடையது. வாடகை, விபத்து, விவாகரத்து, வேலைமாற்றம், சொத்து என்று எல்லாம் கலந்த கட்டாக வரும். நாற்பது பக்கத் தீர்ப்பைப் படித்து, அதன் சாரத்தை ஐந்தாறு வரியில் தலைக்குறிப்பாக எழுத வேண்டும். இதழில் அதுதான் வரும். முழுத் தீர்ப்பும் வேண்டுமென்றால் வழக்கு எண்ணைச் சொல்லி நீதிமன்றத்தில் நகல் வாங்கிக்கொள்ளலாம். யாரும் வாங்குவதில்லை. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை வக்கீல்களைப் போல முழுமனதாக நம்புகிறவர்கள் வேறு எந்தத் தொழிலிலும் கிடையாது.

நான்கு வருடத்துக்கு முன் நீதிமன்ற விடுமுறையில் ஒரு வாரம் கடைசிப் பக்கத்தில் கால் பக்கம் காலியாக நின்றது. ஆசிரியர் அறைக்குள்ளிருந்தே, "எதையாவது போட்டு அடைங்க சார்" என்றார். அடைத்தேன். தையற்காரர் அளவெடுத்த பிறகு வாடிக்கையாளர் பருத்துவிட்டால், சட்டை பிடிப்பதற்குத் தையற்காரர் பொறுப்பல்ல என்று ஒரு தீர்ப்பு. போட்டவரே திரும்பப் பெற்றுக்கொண்ட ஒரு வழக்கின் எண்ணை அதற்குக் கொடுத்தேன். அப்படிப்பட்ட எண்ணைத் தேடிக்கொண்டு ஒருவரும் போக மாட்டார்கள். மெய்ப்புப் பார்ப்பவர் அதில் ஒரு காற்புள்ளியை மட்டும் திருத்திவிட்டு, நியாயமான தீர்ப்பு என்றார்.

எனக்கும் அப்படித்தான் பட்டது. உண்மையான தீர்ப்புகள் சுற்றி வளைத்து, மூக்கைத் தொடுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். என்னுடையவை நேராகப் போய்த் தொட்டன. குழாய் சொட்டுகிறதா என்று பார்க்க வீட்டுக்காரர் மாதத்துக்கு ஒருமுறைதான் குடித்தனக்காரர் வீட்டுக்குள் வரலாம். விடுப்பில் இருக்கும் ஊழியரின் வேலைமாற்ற உத்தரவு அவர் உறையைப் பிரிக்கும்வரை செல்லாது. வண்டியின் பின்னால் உட்கார்ந்து குடை விரித்தவருக்கு விபத்தில் கால் பங்குப் பொறுப்பு உண்டு. கணவன் குறட்டை விடுவது கொடுமையாகாது, அதைப் பதிவு செய்து உறவினர்களுக்கு அனுப்புவது கொடுமையாகும். இந்தக் குறட்டைத் தீர்ப்பைக் கீழ்நீதிமன்றம் ஒன்று பின்பற்றியது. மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அந்தக் கட்டு என் மேசைக்கு வந்தபோது அதற்கும் நானே தலைக்குறிப்பு எழுதினேன். அன்று எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க விரும்பவில்லை.

ஆறாவதில்தான் மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டுக்காரர் தன் காரை எங்கள் வாசலில் பாதி மறித்து நிறுத்துவார். காரின் மூக்கு அடுத்தவர் வாசலை ஒரு சாண் தாண்டினாலும் அது அத்துமீறல் என்று ஒரு தீர்ப்பை அச்சில் ஏற்றி, அந்தப் பக்கத்தைக் கத்தரித்து அவர் கார்க் கண்ணாடியில் செருகினேன். மனிதர் காரை எடுத்துவிட்டார். எடுத்ததோடு நிற்காமல், அதே தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு தன் மைத்துனர்மேல் வழக்குப் போட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் தொழிலுக்குப் புதியவர் போலிருக்கிறது, முழுத் தீர்ப்பையும் படிக்க ஆசைப்பட்டுவிட்டார். இப்படியும் ஒருவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

உங்கள் பட்டியலில் இந்த ஆறும் சரியாக இருக்கின்றன. ஏழாவது இல்லை. உங்களைக் குறை சொல்ல மாட்டேன், அதை யாரும் நீதிமன்றத்தில் காட்டவே இல்லை. ஆனால் அரைகுறைப் பட்டியலின் கீழ் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை.

அப்பா வீட்டை என் பெயருக்கு உயில் எழுதியவர், கடைசியில் ஒரு வரி சேர்த்திருந்தார். மகள் தன் ஆயுள் முழுக்கப் பின்னறையில் குடியிருக்கலாம். அக்கா கணவனை இழந்து வந்தவள். அப்பா படுக்கையில் கிடந்த ஒன்பது வருடமும் அவரைப் புரட்டித் துடைத்துப் பார்த்துக்கொண்டவள். அவள் இருப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. ஆனால் எங்கள் இதழின் பைண்டு செய்த தொகுதிகள் இருபத்தாறும் கூடத்தில் பூசணம் பிடித்துக் கிடந்தன. வீட்டிலேயே ஈரம் தங்காத அறை அந்தப் பின்னறைதான்.

போன வருடம் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. நான்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆபரேஷனுக்குப் பிறகு, நடக்கப் பழக்கும் நிலையம் ஒன்றில் சேர்த்தேன். தினமும் மாலையில் பழம் வாங்கிக்கொண்டு போனேன். இரண்டாவது வாரம் எங்கள் இதழில் ஒரு தீர்ப்பு வந்தது. உயில் வழியாகக் குடியிருக்கும் உரிமை பெற்றவர், எக்காரணத்தால் ஆனாலும் தொடர்ந்து முப்பது நாள் வெளியே தங்கினால், அந்த உரிமையைக் கைவிட்டவர் ஆகிறார். 'எக்காரணத்தால் ஆனாலும்' என்பதை யோசித்துத்தான் சேர்த்தேன்.

இருபத்தெட்டாம் நாள், வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அக்கா பையைக்கூடக் கட்டிவிட்டாள்.

"என்னக்கா அவசரம்? கைப்பிடி இல்லாம நடக்க வந்தப்புறம் போலாம்" என்றேன்.

அவள் பக்கத்துக் கட்டில்காரியிடம் திரும்பி, "பாத்தீங்களா, பெத்த பிள்ளைகூட இப்படிப் பாக்காது" என்றாள். நாற்பத்தோராம் நாள் அழைத்து வந்தேன்.

அதன் பிறகு அறை விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். அவள் உயிலை எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலம்மாவிடம் போனாள். முதல் நாள், "உங்கள யாரும் அசைக்க முடியாது" என்றாராம். மூன்றாம் நாள் எங்கள் இதழைப் புரட்டிவிட்டு, "கஷ்டம்மா" என்றாராம்.

அக்கா ஊன்றுகோலோடு என் அலுவலகத்துக்கே வந்தாள். இரண்டு மாடி ஏறி வந்திருந்தாள். மூச்சு வாங்கியது.

"நீ இதுலயே ஊறினவன்டா. அந்த வக்கீலம்மாவுக்கு என்ன தெரியும். நெஜமாவே அப்படி ஒரு தீர்ப்பு இருக்கா, பாத்துச் சொல்லு. நீ சொன்னா நான் ஒத்துக்கறேன்."

நான் தொகுதியை எடுத்து, பக்கத்தைப் பிரித்து, அவளுக்கு நிதானமாகப் படித்துக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அவளும் ஒருமுறை விரல் வைத்துப் படித்தாள்.

"அப்போ நான் அன்னிக்கே பையத் தூக்கிட்டு வந்திருக்கணும்" என்றாள். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "கேஸெல்லாம் வேண்டாம்டா. அறைகூட வேண்டாம். கூடத்துல ஒரு ஓரமா இருந்துக்கறேனே" என்றாள்.

"தீர்ப்பே அப்படி இருக்கறப்ப நான் என்னக்கா பண்ண முடியும்?" என்றேன்.

அந்த வாரமே அவள் துணிகளை மடித்து வைத்தாள். பெட்டியை நான்தான் தூக்கிக் கொடுத்தேன். இப்போது ஒரு முதியோர் விடுதியில் நான்கு பேர் தங்கும் அறையில் இருக்கிறாள். அங்கே எல்லோரிடமும் என்னைப் பற்றிப் பெருமையாகத்தான் பேசுகிறாளாம். கோர்ட் வாசலை மிதிக்க வைக்காமல், அலையவிடாமல், உள்ளதை உள்ளபடி சொன்ன தம்பி என்று.

ஆறு தீர்ப்புகளும் செல்லாது என்று எங்கள் அடுத்த இதழில் திருத்தம் போடச் சொல்லப் போகிறீர்கள். தாராளமாகப் போடச் சொல்லுங்கள், வாசகத்தை வேண்டுமானால் நானே சுருக்கித் தருகிறேன். ஏழாவதை மட்டும் விட்டுவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்காக இல்லை. விஷயம் தெரிந்தால் அக்கா தாங்க மாட்டாள், இந்த உலகத்தில் அவளுக்கு நம்புவதற்கு என்னை விட்டால் யாரும் இல்லை.