கதவுக்கு இந்தப் பக்கம்

எனக்கு நாய் என்றால் உயிர், இன்ஸ்பெக்டரம்மா. ராஜபாளையத்துக்காரன் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள வேண்டியதில்லை. எங்கள் ஊர் வெள்ளை நாய்க்கு ஒரு பிடிவாதம் உண்டு. வளர்த்த கையைத் தவிர வேறு கையை நம்பாது.

வடக்கே ஓர் ஆய்வுக்கூடத்தில் விஷவாயு செய்வது என் வேலையாக இருந்தது. ஒரு டம்ளர் போதும், ஓர் ஊரே மூச்சுவிடாது. எதிரியிடம் இருந்தால் நம்மிடமும் இருக்க வேண்டுமே என்றுதான் செய்தோம். சோதித்துப் பார்க்கத் திடமான நாய்கள் தேவைப்பட்டன. ஊரில் என் பக்கத்து வீட்டுச் சிவபாண்டி நாய் வளர்த்து விற்பவன். பட்டாளத்துக் காவலுக்கு என்று சொல்லி அவனிடம் வாங்கிப்போனேன். பெருமையில் அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

ஆனால் எங்கள் ஆட்கள் கூப்பிட்டால் அவை அறைக்குள் போகவில்லை. அடித்து இழுத்தால் மூச்சு இரைக்கும், அளவு தப்பும். அதனால் சிவபாண்டியின் மகன் வேல்பாண்டிக்கு அங்கேயே வேலை வாங்கிக் கொடுத்தேன். அவன் தடவிக்கொடுத்து உள்ளே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவான். நான் கதவை அடைப்பேன். உள்ளே நடப்பதை அப்பனிடம்கூடச் சொல்லக் கூடாது என்று அவனிடம் கையெழுத்து வாங்கியிருந்தோம்.

கடைசியாகப் போனது, அவன் புட்டிப்பால் கொடுத்து வளர்த்த நாய். அதை விட்டு வர மனமில்லாமல் உள்ளேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டான். வந்துவிட்டான் என்று நினைத்து, வழக்கம்போல அடைத்து வாயுவைத் திறந்தேன். கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது.

"பெரியப்பா, கதவத் தெறங்க. நான் உள்ள இருக்கேன்."

அவன் கத்தவில்லை. நான் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பான், பாவம்.

நாய் எந்த அளவில் சாகும் என்று எங்களுக்குத் தெரியும். மனிதனுக்கு எவ்வளவு என்று தெரியாது. கதவைத் திறக்கும் பொத்தான் என் இடது கைக்குப் பக்கத்தில் இருந்தது. நான் வலது கையால் பேனாவை எடுத்தேன். அடைத்தது தெரியாமல், திறக்காதது தெரிந்துதான். இன்றைக்கும் அந்த ஆயுதத்துக்கு அவன் அளவுதான் கணக்கு.

மாரடைப்பு என்று சொல்லி உடலைக் கொண்டுவந்தோம். சிவபாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணாச்சி, எம்மவன் போறப்ப பக்கத்துல யாராச்சும் இருந்தாவளா?"

"நான் இருந்தேன்டா."

"அம்புட்டுப் போதும் அண்ணாச்சி. அநாதையாப் போவலையே" என்று அழுதான். நான் சொன்னதில் பொய் இல்லை.

ஓய்வுபெற்று ஊருக்கு வந்ததும், துணைக்கு இருக்கட்டும் என்று சிவபாண்டி ஒரு நாய்க்குட்டி கொடுத்தான். நாளைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வேல்பாண்டி படித்த பள்ளிக்கூடத்தில் அவன் படத்தை நான்தான் திறந்துவைக்க வேண்டுமாம். முன்வரிசையில் சிவபாண்டி உட்கார்ந்திருப்பான். அதனால் இன்றைக்கே உங்களிடம் சொல்லிவிட்டேன்.

குட்டியைச் சிவபாண்டியிடமே சேர்த்துவிடுங்கள். அது என் கையில் மட்டும்தான் சாப்பிடும், கொஞ்ச நாள் கஷ்டப்படும். இன்னொன்று, அவன் வீட்டில் எந்தக் கதவையும் சாத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். என் வீட்டில் குளியலறைக் கதவைக்கூட நான் சாத்துவதில்லை. குட்டி பயந்துவிடுமே என்றுதான். மற்றபடி எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் தூங்குகிறேன்.