வரைபடத்துக்கு முந்தி வந்த அழைப்பு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் சித்தப்பாவுக்கு நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மதியம் இரண்டேகால். சுள்ளென்று வெயில். கிடங்குகள் மட்டுமே இருக்கிற நீளமான சாலை... ஒரு சைக்கிள்கூட இல்லை. அதன் கோடியில் ஆம்புலன்ஸ் அழைப்பு மையம். சித்தப்பா தனியாக உள்ளே போனார்.

அங்கே கம்ப்யூட்டர் பார்ப்பவர் அவர். கம்ப்யூட்டர் இயந்திரம் அணைந்து மறுபடி எழும்போது, உள்ளே ஓடும் எந்தச் சேவை எந்தக் குழுவில், எதற்குப் பின் எது என்று எழுதி வைப்பது அவர் வேலை. போன் சேவையையும் வரைபடச் சேவையையும் ஒரே குழுவில் போட்டிருந்தார். எது முதலில் என்று தனியாக ஒரு வரி எழுத வேண்டும். எழுதவில்லை. எப்படியும் இரண்டும் எழுந்துவிடும் என்று இருந்துவிட்டார்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு காலை, இயந்திரம் நின்று எழுந்தது. போன் முந்திக்கொண்டது. அழைப்பவர் இருக்கும் இடத்தைக் காட்டும் வரைபடம் வர நாற்பது விநாடி. அதற்குள் வந்தது ஒரே அழைப்பு. மூச்சுத் திணறிய ஒரு பெண்... முகவரி சொல்லப் பேச்சு வரவில்லை; வரைபடம் வருவதற்குள் இணைப்பு அறுந்துவிட்டது. வண்டி இடம் தேடிப் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அது சித்தி.

யாரும் அவரை ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.

"அந்த வரிய நானே எழுதறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். அழைப்புகளைப் பக்கத்து மையத்துக்குத் திருப்பியாகிவிட்டது. இந்த மையத்தில் எந்தப் போனும் அடிக்க வழியில்லை.

முதலில் பழைய வரிசையிலேயே ஒருமுறை எழுப்பிப் பார்த்தார். திரையில் ஒவ்வொன்றாக வந்தது. நெட்வொர்க்... போன்... வரைபடம் இன்னும் இல்லை.

மேஜையில் போன் அடித்தது.

எடுத்தார். விசில் போல இழுக்கும் மூச்சு. அறை முழுக்க, சித்தி நெஞ்சில் தடவிக்கொள்ளும் தைலத்தின் வாசனை.

"ஏங்க... நான் எங்க இருக்கேன்னு தெரியலயா?"

"தெரியும்மா. வந்துட்டே இருக்கேன்."

வரைபடம் எழுந்தது. இணைப்பு அறுந்தது.

மறுபடி எழுப்பினார். பழைய வரிசையில்தான். மறுபடி நாற்பது விநாடி. ஒருமுறை மன்னிப்புக் கேட்டார். ஒருமுறை பீரோ சாவி எங்கே என்று கேட்டார். "உங்க சட்டைப் பையிலயே இருக்கும், பாருங்க" என்றாள். இருந்தது. சிரித்துக்கொண்டே அழுதார். ஆனால் ஒவ்வொரு தடவையும் அவள் மூச்சு இன்னும் குறுகியது... பதினோராவது தடவை பேச்சே வரவில்லை. அப்போதுதான் அவருக்கு உறைத்தது, ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அவள் அந்தக் காலை வேதனையை மறுபடி படுகிறாள் என்று.

அந்த ஒரு வரியை எழுதினார். இனி அவள் குரல் இல்லை என்று தெரிந்தேதான் எழுதினார்.

எழுப்பினார். நெட்வொர்க்... வரைபடம்... அதற்குப் பின் போன். வரிசை சரி.

போன் அடித்தது.

இந்தத் தடவை மூச்சுச் சத்தமே இல்லை. திரையில் இடம் தெளிவாக வந்தது. கிடங்குச் சாலை. இதே கட்டிடம். இதே அறை.

மூன்றரைக்கு வாட்ச்மேன் கதவைத் தட்டித் திறந்தார். ரிசீவர் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் காலி நாற்காலியை ஒட்டி இழுத்துப் போட்டு, ஒரு தோளை மட்டும் அசைக்காமல் உட்கார்ந்திருந்தார் சித்தப்பா.

"கதவ மெதுவா சாத்துங்கண்ணே" என்றார் கிசுகிசுப்பாக. "அவ இப்பதான் கண் அசந்தா."