மொக்கையன் வீட்டுப் பூனைக்கண்

ஏலம் மணக்கும் போடி மண்ணில் எழுச்சியோடு கூடியிருக்கும் ஏல விவசாயிகள் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் வணிகப் பெருந்தகை சவுகத் அலி அண்ணன் அவர்களே! முன்வரிசையில் கண்மூடிச் சிந்திக்கும், அதாவது தூங்கும், பெரியோர்களே! என்னை நம்பாமல் என் மனைவி ஜக்கம்மாளை நம்பி வந்திருக்கும் தாய்மார்களே! மொக்கையன் வணங்குகிறேன்.

நாற்று வளர்ப்பைப் பற்றிப் பேச அழைத்தீர்கள். என் தோட்டத்தில் ஒரு ராசாத் தூர், ஏலச்செடிக் குத்து, இருக்கிறது. காய் என்றால் காய், அப்படிக் காய்க்கும்! பக்கக் கன்றைப் பிரித்து நட்டிருந்தால் தாயைப் போலவே வந்திருக்கும். நானோ பேராசைக்காரன், விதை எடுத்து முந்நூறு நாற்று வளர்த்தேன். வந்தானா ராசா? வந்தது ராசாவின் பங்காளிக் கூட்டம்! ஒன்று நெட்டை, ஒன்று குட்டை, ஒன்று சுத்தச் சோம்பேறி.

என்ன கடைசி வரிசை அண்ணே, சிரிக்கிறீரா? நீரும் அப்படித்தானே நட்டீர்!

ஏன் இப்படி? பட்டாணி வளர்த்த ஒரு வெள்ளைக்காரத் துறவி நூற்றைம்பது வருசத்துக்கு முன்பே சொல்லிவிட்டார். ஒரு குணத்துக்குத் தாய் ஒரு கூறு தரும், தந்தை ஒரு கூறு தரும். ஒன்று ஓங்கி நிற்கும், ஒன்று ஒளிந்து நிற்கும். ஒளிந்தது இரண்டும் ஒன்று சேர்ந்தால் நெட்டைக்கும் நெட்டைக்கும் குட்டை பிறக்கும். நாலில் ஒன்று! அது செடி செய்த துரோகமா?

செடிக்கு நியாயம் பேசும் இந்த மொக்கையன் வீட்டில் என்ன செய்தான் தெரியுமா? மருமகள் சிவரஞ்சனி பெற்ற பிள்ளைக்குப் பூனைக்கண். "எங்க வம்சத்துல ஏது இந்தக் கண்ணு?" என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசினான். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குரங்கணிக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள். நாலு மாசம் ஆகிறது.

ஜக்கம்மாள்தான் கேட்டாள்: "ஏய்யா, செத்துப்போன உங்க அக்கா பொன்னுமணிக்கு என்ன கண்ணு? அப்ப உங்க ஆத்தாளையும்ல சந்தேகப்படணும்?"

சிரிங்க, நல்லாச் சிரிங்க! பிள்ளையின் கண்ணில் பாதி மருமகள் தந்தது என்றால், மீதிப் பாதி என் மகன் வழியாக என் ரத்தம் தந்தது. வெட்கமாக இருக்கிறது, மக்களே.

பழியைத் தெருவில் பேசியவன் மன்னிப்பை மட்டும் அடுப்பங்கரையில் கேட்கலாமா? அதோ, குரங்கணிக்காரர்களோடு பிள்ளையை மடியில் வைத்து உட்கார்ந்திருக்கிறாள். ஆத்தா சிவரஞ்சனி, நான் பேசினது தப்பு. சபையறியக் கேட்கிறேன், மன்னித்துவிடு. வீட்டுக்கு வா.

என்னம்மா? சத்தமாச் சொல்லு, மேடைக்குக் கேக்கலை.

கேட்டீர்களா மக்களே? "நீங்க பேசினீங்க, நீங்களே மன்னிப்பும் கேட்டுட்டீங்க மாமா. அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு நின்னாரே உங்க மகன், அவரு என்ன சொல்றாராம்?" என்கிறாள்.

நியாயம்! நூற்றுக்கு நூறு நியாயம்! டேய் வினோத்குமார், பந்தக்காலுக்குப் பின்னால் என்னடா சோலி? வெரசா ஏறு மேடை! தலைவரே, என் பேச்சு முடிந்தது. பொறுத்துக் கேட்ட உங்களுக்கெல்லாம் நன்றி. என் மருமகளுக்கு வணக்கம். இந்தாடா மைக்கு, பேசு.