நாற்காலி போட்டுக் கேட்ட விக்டோரியா

தலைமை ஏற்றிருக்கும் மூத்த வழக்கறிஞர் பொன்னுதுரை அண்ணாச்சி அவர்களே, மணப்பாட்டிலிருந்து வேன் பிடித்து வந்திருக்கும் மீனவக் குடும்பங்களே, பின்வரிசையில் மஃப்டியில் நின்று குறிப்பெடுக்கும் ஐயா அவர்களே, வணக்கம். ஐயா, முன்னால் நாற்காலி காலியாக இருக்கிறது. உட்கார்ந்தே எழுதலாம்.

நீங்கள் துக்கத்தோடு வந்திருக்கிறீர்கள். நான் பொறாமையோடு வந்திருக்கிறேன். மறைந்த வழக்கறிஞர் விக்டோரியாவும் நானும் ஒரே நாளில் கறுப்பு அங்கி போட்டவர்கள். ஒரே மாடியில் அலுவலகம். படியேறினால் முதலில் 'ஜாபேஸ்' என்ற பெயர்ப்பலகையோடு என் அறை, அடுத்தது அவருடையது. போர்க்காலத்தில் மணப்பாட்டு மீனவர் ரொமால்டைப் பிடித்துக்கொண்டு போனபோது, அவர் மனைவி பெனிஷா என் பெயர்ப்பலகையை ஏறிட்டும் பார்க்காமல் விக்டோரியாவிடம் போனார். அன்று எரிந்த வயிறு, காய்ச்சல் விக்டோரியாவைக் கொண்டுபோன பிறகும் ஆறவில்லை.

ரொமால்ட் செய்த குற்றம் என்ன? மற்ற வள்ளங்களுக்கு வயர்லெஸ்ஸில் பொய் சொன்னார்! "மணப்பாட்டுக்கு நேரே நிக்கேன், மீனே இல்லல" என்றார். ஒட்டுக்கேட்ட அதிகாரிகளுக்கு சிக்னல் வேறு திசையிலிருந்து வந்தது. எதிரிக்கு உளவு என்று முடிவு கட்டினார்கள். தூங்கவிடாமல் நிற்கவைத்தார்கள். எங்கே நின்றாய் என்று கேட்டு, முகத்தில் துணி போட்டு உப்புத்தண்ணீர் ஊற்றினார்கள். ரொமால்ட் ஓர் இடம் சொன்னார். தேடிப் போனார்கள், ஒன்றும் இல்லை. மறுபடி ஊற்றினார்கள். வேறோர் இடம் சொன்னார். அங்கும் ஒன்றும் இல்லை.

அரசுத் தரப்பு நீதிமன்றத்தில் சட்டக் கருத்துரை ஒன்றை நீட்டியது. போர்க்காலத்தில் யார் பேச்சையும் அனுமதியின்றிக் கேட்கலாமாம்! எலும்பு முறிந்தால்தான் சித்திரவதையாம்! முறியாவிட்டால் அது ஆழ்ந்த விசாரணையாம்! யார் எழுதியது? அடியாளா? இல்லை. என்னைப் போல் சட்டம் படித்தவன், குளிரூட்டிய அறையில் உட்கார்ந்து எழுதினான்.

நானாக இருந்தால் அரசியல் சாசனத்தை மேற்கோள் காட்டி நாற்பது பக்கம் எழுதியிருப்பேன். விக்டோரியா என்ன செய்தார்? ரொமால்டுக்கு ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டார்.

"எங்கன நின்ன? சொல்லு."

ரொமால்டின் கண் சாட்சி வரிசைக்குப் போனது. அங்கே, தண்ணீர் ஊற்றிய விசாரணையில் அதிகாரிகளுக்கு மொழிபெயர்த்தவர் உட்கார்ந்திருந்தார். பெரியதாழைக்காரர், அவரும் கடலுக்குப் போகிறவர். விக்டோரியா நீதிபதியிடம் திரும்பி, "இவரைக் கொஞ்சம் வெளியே அனுப்புங்கள்" என்றார். கதவு சாத்தியதும் ரொமால்ட் சொன்னார்: "ஒரு பாரு இருக்கும்மா. கடலுக்கடியில பாறை. கலவா மீனு கெடக்கும். அவம் முன்னால எப்படிம்மா சொல்லுவேன்? மறுநாளே வள்ளத்தக் கொண்டாந்து நிப்பாட்டிருவான்!"

நீதிமன்றமே சிரித்தது. விக்டோரியா சிரிக்கவில்லை, அரசுத் தரப்பைப் பார்த்தார். "தண்ணீர் ஊற்றிக் கேட்டீர்கள், பொய் வந்தது. நாற்காலி போட்டுக் கேட்டேன், உண்மை வந்தது. எதற்கு ஐயா உங்களுக்கு அந்தக் கருத்துரை?"

ரொமால்ட் விடுதலையாகி வீட்டுக்கு வந்தார். நாற்காலி போட்டுக் கேட்ட அந்தக் கேள்வி ஏன் எனக்குத் தோன்றவில்லை? விக்டோரியா தன் தொலைபேசியும் ஒட்டுக்கேட்கப்படுகிறது என்று தெரிந்து, "கேக்குற அண்ணாச்சி, சாப்டாச்சா?" என்று தொடங்குவாரே, அந்தத் துணிச்சல் ஏன் எனக்கு வரவில்லை?

அரசு மேல்முறையீடு செய்திருக்கிறது. திங்கட்கிழமை விசாரணை. தோற்றால் ரொமால்ட் மறுபடி உள்ளே போவார்; அந்தக் கருத்துரையே இந்தக் கடற்கரைக்குச் சட்டமாகிவிடும். நேற்று பெனிஷா படியேறி வந்தார். இந்த முறை என் அறையிலேயே நின்றார்.

"ஒங்களுக்கு எங்க வக்கீலம்மா மேல எரிச்சல்னு ஊருக்கே தெரியும் சார். அதான் வந்தேன். அடுத்தவன் பாரு மேல கண்ணு வச்சவந்தான் கடல்ல தூங்காமக் கெடப்பான்."

விக்டோரியா, உங்கள் வழக்குக் கட்டு இப்போது என் மேசையில் இருக்கிறது. அதன் அட்டையில் உங்கள் பெயர் மேலே இருக்கும், என் பெயர் கீழே வரும். அதற்கும் எனக்குப் பொறாமைதான். ஆனால் தூங்கமாட்டேன்.

பின்னால் நிற்கும் ஐயா, இதையும் எழுதிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமை, ரொமால்டுக்காக, ஜாபேஸ்.