கனலி பொழைக்குமா?

— இன்னும் எத்தன பக்கம் இருக்குது கண்ணு?

— பதினொண்ணுங்கப்பா.

— அப்பப் படி. எதுக்கு நிறுத்திட்ட?

— தண்ணி குடிச்சேன். நீங்க கைய நிறுத்தாதீங்க. அம்மா பாறையில காயப் போட்டுட்டு வர்றதுக்குள்ள இந்த மிளகுக் கொத்தெல்லாம் உதுத்தாகோணும்.

— நான் எங்க நிறுத்துனேன்?

— டிராகன் பறக்கறப்பல்லாம் நிறுத்திடறீங்க. வாயப் பொளந்துக்கிட்டு. நேத்து பச்சக் காயையும் பழத்தையும் ஒண்ணாக் கொட்டி வெச்சுட்டீங்க. அம்மா என்னையத் திட்டுனாங்க.

— நேத்து கனலி மூச்சுத் தெணறிப் பள்ளத்துல விழுந்துச்சில்ல? அந்நேரத்துல எவனுக்கு மிளகு ஞாபகம் வரும்?

— அப்பா டிராகன் கத கேக்கறாருன்னு சொன்னேன், ராதிகா டீச்சர் சிரிச்சுட்டாங்க. அது பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களுக்குப் போட்ட புஸ்தகமாம்.

— சிரிக்கட்டும். மரமேறக் கூடாது, மூட்ட தூக்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிட்டா மனுசன் என்ன பண்றது? நாலு மாசமா உக்காந்தே கெடக்கறேன். அஞ்சு பாகமும் நீ படிச்சுக் காட்டுனதாலதான் பொழுது போச்சு.

— அப்பா...

— ம்?

— நாளைக்கு மொதப் பஸ்ஸுக்குப் போறமில்லீங்க? அம்மா துணியெல்லாம் பையில எடுத்து வெச்சாச்சு.

— கத முடியட்டும்னு சொன்னேனில்ல?

— சேலத்து ஆஸ்பத்திரியில பெட்டு குடுத்திருக்காங்க. நாளைக்கு விட்டா மறுபடி எப்பன்னு தெரியாதாம். இன்னும் தள்ளிப் போட்டா ஆபத்துன்னு டாக்டரு அம்மாகிட்டச் சொன்னாராம். எனக்குத் தெரியும்.

— உனக்கு எல்லாந்தான் தெரியும்.

— இப்பவே சொன்னா என்னங்கப்பா, போறேன்னு?

— இங்க பாரு. சாமிகிட்டப் பூவாக்குக் கேக்கறமில்ல? வெள்ளப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். எது வந்தா செய்யறது, எது வந்தா விடறதுன்னு கேக்கறவன் மனசுக்குள்ளதான் நெனச்சுக்குவான். பொட்டலம் எடுக்கற புள்ளைக்குச் சொல்லமாட்டான். சொன்னாப் பலிக்காது.

— இது கோயில் இல்லீங்கப்பா. லைப்ரரிப் புஸ்தகம்.

— எனக்கு இப்ப இதுதான் வாக்கு. கனலி பொழைக்குதா, சாவுதா... அத வெச்சு மனசுல ஒண்ணு நெனச்சிருக்கேன். நீ பாட்டுக்குப் படி.

— நம்ம மலையில குண்டூர் நாட்டுப் பூபதி மாமா ஆப்ரேசன் பண்ணிட்டு நல்லாத்தான வந்தாரு?

— அவனுக்கு வயித்துல.

— உங்களுக்கு நெஞ்சுல. என்ன வித்தியாசம்?

— என்ன வித்தியாசமா! நெஞ்சப் பொளந்து, ஓடிட்டிருக்கறத நிறுத்தி, வால்வ மாத்திட்டு மறுபடி ஓட வெப்பாங்களாம். ஓடலைன்னா? டாக்டரு சுளுவாச் சொல்லிட்டாரு. பொளக்கறது அவரு நெஞ்சா, என் நெஞ்சா? சரி சரி, மூஞ்சியத் தூக்காத. படி சாமி.

— "ஊமைப் பள்ளத்தாக்கு முழுவதும் தீ எரிந்துகொண்டிருந்தது. ஒன்பது குழந்தைகளையும் முதுகில் சுமந்து கனலி மேலே எழும்பியது. நெஞ்சில் முறிந்து நின்ற ஈட்டி முனை, ஒவ்வொரு சிறகடிப்பிலும் உள்ளே நகர்ந்தது."

— பனிமலை வைத்தியன் எடுத்து விடறேன்னு சொன்னப்பவே எடுத்திருக்கலாம்.

— அதத்தான் நானும் சொல்றேன்! நாலாம் பாகத்துலயே எடுத்திருக்கலாம்.

— என்னைய எதுக்கு மொறைக்கற? நான் கனலியச் சொன்னேன்.

— நானும் கனலியத்தான் சொன்னேன்.

— ம்... அப்புறம்?

— "'திரும்பிவிடலாம் கனலி, உன் மூச்சு சரியில்லை' என்றாள் இன்பா. அவள்தான் அதன் கழுத்தை இறுகப் பிடித்திருந்தாள். கனலி பதில் சொல்லவில்லை. அக்கரை கண்ணுக்குத் தெரிந்தது."

— தெரிஞ்சிருச்சா! ... ஏன் நிறுத்திட்ட? மேகலா.

— எழுத்து பொடியா இருக்குது. இருங்க. "கனலி... சிறகை நன்றாக விரித்தது. அக்கரைக்கு வந்து சேர்ந்தது."

— அவ்வளவு சீக்கிரமா?

— வேகமாப் பறந்துச்சு.

— நெஞ்சு வலி?

— "வலி கொஞ்சம் இருந்தது. ஆனால் கனலிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஊர் ஜனங்கள் ஓடி வந்தார்கள். கனலிக்குச் சுடுதண்ணி வெச்சுக் குடுத்தாங்க... கொடுத்தார்கள்."

— டிராகனுக்குச் சுடுதண்ணியா?

— களைச்சுப் போயி வந்திருக்கில்ல?

— நெருப்பையே கக்கற பிராணி. சரி, அப்புறம்?

— "அப்புறம் அது பலாச்சுளை தின்றது. மரவள்ளிக்கிழங்கு தின்றது."

— அந்த ஊருல பலா உண்டா? மூணாம் பாகம் பூராவும் பனின்னு படிச்ச.

— இது அக்கரைங்கப்பா. அக்கரையில உண்டு.

— பக்கத்தத் திருப்பவே இல்லையே நீ?

— திருப்புனேன். நீங்க மிளகப் பாத்துட்டிருந்தீங்க.

— சரி, முடிச்சுரு.

— "கனலி நூறு வருடம் நன்றாக இருந்தது. முற்றும்."

— முற்றும்னே போட்டிருக்குதா?

— போட்டிருக்குது. பொழச்சிருச்சுங்கப்பா! பாத்தீங்களா? நான் போயி அம்மாகிட்டச் சொல்லிட்டு வாரேன். நாளைக்கு சோளக்காடு ஸ்டாப்புல மொதப் பஸ்ஸு...

— உக்காரு.

— வாக்கு நல்லா வந்திருச்சில்லீங்க?

— நல்லாத்தான் வந்திருக்குது. நாளைக்குப் போகல கண்ணு.

— ... என்னது?

— கனலி ஈட்டி முனைய நெஞ்சுல வெச்சுக்கிட்டே தீயத் தாண்டிருச்சு. அறுக்காமயே நூறு வருசம் இருந்திருக்குது. அப்ப நானும் இப்படியே இருந்துக்குவேன்.

— இல்லீங்க... இல்ல. பொழச்சாப் போறதுன்னுதான நெனச்சிருப்பீங்க?

— அது பொழச்சா ஆஸ்பத்திரி வேண்டாம். செத்தாத்தான் போறது. அப்படித்தான் நெனச்சிருந்தேன்.

— அய்யோ அப்பா!

— எதுக்கு இப்படி அலறற?

— நான் ஒரு பக்கம் விட்டுட்டேன். மறுபடி படிக்கறேன்.

— முடிஞ்சு போச்சு. விட்டது விட்டதாவே இருக்கட்டும்.

— முடியலீங்க! புஸ்தகத்து மேல இருந்து கைய எடுங்க. கேளுங்க. "அக்கரையில் இறங்கியதும் கனலி குழந்தைகளை ஒவ்வொருவராகக் கீழே விட்டது. கடைசியாக இன்பா இறங்கினாள். அப்போதுதான் ஈட்டி முனை இதயத்தைத் தொட்டது. கனலி..."

— அழாமப் படி.

— "கனலி தன் பெரிய தலையை இன்பாவின் மடியில் வைத்தது. அதற்குப் பிறகு அது எழவில்லை." ... செத்துப்போச்சுங்கப்பா. நான் முந்தாநாளே படிச்சுட்டேன். பொழச்சுதுன்னு சொன்னாத்தான் நீங்க கெளம்புவீங்கன்னு... பொய் சொல்லிட்டேன். செத்தாப் போறேன்னு சொன்னீங்கல்ல? இதா, செத்துருச்சு. இந்தப் பக்கத்துலதான் இருக்குது, பாருங்க. போறமில்லீங்க? பேசுங்கப்பா. கண்ண ஏன் தொடைக்கறீங்க?

— மிளகுக் கை பட்டிருச்சு.

— மிளகுக் கையோட யாராச்சும் கண்ணத் தொடைப்பாங்களா? எரியப் போகுது. இந்தாங்க, தண்ணி.

— அந்தப் புள்ள என்ன பண்ணுச்சு அப்புறம்? இன்பா?

— அங்கயே உக்காந்திருந்தா. மத்த புள்ளைங்க எல்லாம் ஊருக்குள்ள போயிட்டாங்க. இவ மட்டும் தலைய மடியில வெச்சுக்கிட்டுப் பேசிட்டே இருந்தா. அவளுக்குப் பதிமூணு வயசுதான். எனக்கு ஒரே கோவம் அப்பா.

— எழுதுனவங்க மேலயா?

— கனலி மேல. எடுத்து விடறேன்னு வைத்தியன் கெஞ்சறான். இவ கெஞ்சறா. வேண்டாம், எனக்கு ஒண்ணும் ஆகாதுன்னு பீத்திக்கிட்டுத் திரிஞ்சுது. பெரிய வீரன்னு நெனப்பு. கடைசில யாரு தனியா நின்னா?

— வீரமெல்லாம் இல்ல கண்ணு.

— அப்புறம் எதுக்கு வேண்டாம்னுச்சு?

— பயம். அறுக்கறதுன்னா அவ்வளவு பயம். எனக்கும் அதேதான். நீயாக் கத கட்டிப் படிக்கறன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சு போச்சு. சாக்குக் கெடச்சுதுன்னு பேசாமக் கேட்டுக்கிட்டேன். செத்தாப் போறேன்னு சொன்னதும் பொய்தான். அது பொழச்சாலும் போறதில்ல, செத்தாலும் போறதில்லன்னு முடிவு பண்ணிட்டுத்தான் உன்னையப் படிக்கச் சொன்னேன். ... போயி அம்மாவக் கூப்புடு சாமி. பயமா இருக்குதுன்னு அவகிட்டயும் என் வாயாலயே சொல்லிர்றேன். காலையில மூணு பேரும் போலாம்.