ஏழாம் படம்

— இந்தப் படத்து மனிசிக்கு என்ன நடந்திருக்கு, வீரகத்தி ஐயா?

— அழப்போறா, பிள்ளை. வீட்டில ஆரோ செத்துப்போயிட்டினம்.

— சரி. இது ஆறாம் படம். இவருக்கு?

— இவருக்கு நித்திரை வருது.

— நித்திரையோ? பல்லைக் கடிச்சுக்கொண்டு நிக்கிறான், கோவம் எண்டு தெரியேல்லையோ?

— அம்மா, நீங்கள் சொல்லக்கூடாது. ஐயாதான் சொல்லவேணும்.

— குறை நினையாதேங்கோ மிஸ். நாப்பது வருசமா இந்த மனிசனைப் பாத்துப் பல்லைக் கடிக்கிறன். எனக்கு நித்திரை வருதெண்டு நினைச்சிருக்கிறார்போல.

— கேட்டியளே பிள்ளை? என்ர மனிசி இராசமலர் இருக்கிற இடத்தில வேற ஆரும் வாய் திறக்கேலாது.

— ஏழாம் படம், ஐயா. அவசரமில்லை. வடிவாப் பாருங்கோ.

— சிரிக்கிறான்.

— கண்ணையும் பாருங்கோ.

— கண்ணைப் பெரிசாத் திறந்திருக்கிறான். வாயும் திறந்திருக்கு. சிரிக்கிறான்.

— முதலாம் படத்தைப் பக்கத்தில வைக்கிறன். இந்தப் பொம்பிளைப்பிள்ளை?

— சிரிக்கிறா.

— இந்த ஏழாம் படத்து ஆள்?

— அவனும்தான். அவனுக்குக் கொஞ்சம் கூடச் சிரிப்பு.

— மிஸ், அது பயந்துபோன முகமல்லோ?

— ஓம் அம்மா.

— இவருக்கு ஞாபகம் இருக்குத்தானே. பூட்டுத் திறப்பை வைச்ச இடம் தெரியாமல் தேடுவார். அவ்வளவுதான்.

— ஞாபகம் கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கு. நான் சொன்ன மூண்டு சொல்லில ரெண்டைத் திருப்பிச் சொன்னவர். ஆனால் முகம் பிடிபடேல்லை. மூளையில வாற இந்த வருத்தத்தில சிலபேருக்கு அப்பிடி. சந்தோசம் தெரியும். கோவமும் பயமும் மாறித் தெரியும்.

— அதால என்ன, பிள்ளை? நான் என்ன மாப்பிளை பாக்கவே போறன்? களப்பில வலை வளைக்கிறவனுக்கு முகம் என்னத்துக்கு?

— அதைத்தான் டொக்டர் கேக்கிறார். நீங்கள் இனித் தண்ணிக்குப் போகலாமோ இல்லையோ எண்டு நான் எழுதிக் குடுக்கவேணும்.

— போகாமல்? வீட்டில இருந்து இவவின்ர பல்லைப் பாக்கிறதோ?

— மிஸ், தனியப் போறேல்லை. என்ர தம்பி கிருசாந்தன் கூடப் போறவன். எப்பவும் ஒரு தோணியில ரெண்டு பேரும்தான். அவன் பாத்துக்கொள்ளுவான். போகவேண்டாம் எண்டு எழுதிப்போடாதேங்கோ.

— தம்பியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னனானே.

— பத்து மணிக்கு மோட்டச்சைக்கிளில இஞ்ச வாறன் எண்டவன். இப்ப பதினொண்டரை.

— போன் எடுத்துப் பாத்தியளோ?

— அடிக்குது, எடுக்கிறானில்லை. அதை அவன் தண்ணிக்குக் கொண்டு போறேல்லை, வீட்டிலதான் கிடக்கும். இதுக்குள்ள அவன் வீட்டுக்கு வந்திருக்கவேணும்.

— வருவான். ஏன் பதறுறாய்?

— ஐயா, தண்ணிக்குள்ள நிண்டு நீங்கள் ரெண்டு பேரும் என்னெண்டு கதைக்கிறனீங்கள்?

— கதைக்கிறேல்லை. திரளி பொல்லாத மீன், பிள்ளை. ஒரு சத்தம் கேட்டாலும் வலைக்கு மேலால பாஞ்சு போயிடும். வலையை வளைச்சாப் பிறகு வாயே திறக்கப்படாது. பேர் சொல்லிக் கூப்பிடப்படாது. இழு எண்டால் புருவத்தைத் தூக்குவன். பொறு எண்டால் தலையை ஆட்டுவன். எல்லாம் முகத்தாலதான்.

— ஏதும் அவசரம் எண்டாலும்?

— என்ன வந்தாலும். முதல் வருசம் காலில முள்ளுக் குத்தினதுக்குக் கிருசாந்தன் கத்திப்போட்டான். அண்டைக்குக் கறிக்கும் மீன் இல்லை. நல்லா ஏசிப்போட்டன். அதுக்குப் பிறகு அவன் வாய் திறந்து நான் கேக்கேல்லை.

— இண்டைக்கும் போனனீங்களோ?

— விடிய வெள்ளாப்பில போனனாங்கள். கிளினிக் எண்டபடியால் நான் முந்தி வந்திட்டன்.

— தோணியில வந்தனீங்களோ?

— பேந்து, நீந்தியே வாறது?

— இஞ்சருங்கோ, தோணியை நீங்கள் கொண்டு வந்தால் அவன் எதில வாறது?

— மற்ற ஆக்களின்ர தோணியில வருவான்.

— ஆரின்ர தோணி? முந்தநாள்தானே மண்மேட்டை வெட்டி முகத்துவாரத்தைக் கடலுக்குத் திறந்து விட்டவை. தண்ணி கடலுக்கு இழுக்குது எண்டு நாயாத்துக் களப்பில ஒருத்தரும் இறங்கேல்லை. கரை முழுக்கத் தோணி. நான் வரேக்க பாத்தனான்.

— உதெல்லாம் பயந்தவையின்ர கதை. தண்ணி இழுக்கேக்கதான் திரளி வரும்.

— ஏன் அவனை விட்டிட்டு வந்தனீங்கள்?

— நான் விடேல்லை. அவன்தான் போகச் சொன்னவன்.

— வாயாலயோ?

— வாயால எப்பிடிச் சொல்லுறது? வலை தடியில கொழுவிச் சிக்கிப்போச்சு. எடுக்க இறங்கினவன். நெஞ்சளவு தண்ணி. பேந்து பாத்தால் கழுத்தளவு. திரும்பி என்னைப் பாத்தான்.

— பாத்து?

— பாத்து, போங்கோ அத்தான் எண்டமாதிரி.

— மிஸ், நாயாத்தில ஆருக்கெண்டாலும் போன் எடுங்கோ.

— எடுக்கிறன், அம்மா. இருங்கோ. ஐயா, இந்த ஏழு படமும் மேசையில இருக்கு. தம்பி எந்த முகத்தோட பாத்தவர்? தொட்டுக் காட்டுங்கோ.

— இது, பிள்ளை. இப்பிடித்தான், கண்ணைப் பெரிசாத் திறந்து, வாய் நிறையச் சிரிச்சவன். கையையும் ரெண்டுதரம் தூக்கினவன். நானும் கையைக் காட்டிப்போட்டு வந்திட்டன்.